ஒலுவில் துறைமுகம்: காற்றாலையா, பெனலா, ஐஸா?

போன மாதம் கிழக்கிலங்கையின் நிந்தவூரில் ஒரு வீட்டுக் கூரையில் சோலார் பெனல் பூட்டிக்கொண்டு நின்றபோது, கீழே ஏணியைப் பிடித்திருந்த வீட்டுக்காரக் காக்கா (மூத்தவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டார்: "மனே, ஒலுவில் ஹாபரக் காத்தாலைக்காரனுக்குக் குடுத்தா ஊர் நல்லாயிருமாமே, மெய்தானா?"

யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். டென்மார்க்கில் ஒரு மீன்பிடித் துறைமுகம் காற்றாலை வேலையால் பெரிய ஆளாகிவிட்டதாம். ஒலுவிலைக் கட்டியதும் டென்மார்க்காரன்தானே, அப்ப இதையும் அப்படி மாற்றினால் என்ன என்பது அவருடைய நியாயம். காக்கா முப்பது வருடம் கடலுக்குப் போனவர். அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்லித் தப்ப முடியாது. அன்று "பார்ப்பம் காக்கா" என்று மழுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்ததுதான் இது.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பாறை மாவட்டக் கரையில் இருக்கிற ஒலுவில் துறைமுகம், எம்.எச்.எம். அஷ்ரப் துறைமுக அமைச்சராக இருந்த காலத்துக் கனவு. 2000இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்தபின் அது கிடப்பில் கிடந்தது. 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். செலவு சுமார் 46 மில்லியன் யூரோ, டென்மார்க் கடன், கட்டியதும் டென்மார்க் கம்பனி. கப்பலுக்கு ஒரு பகுதி, மீன்பிடிப் படகுக்கு ஒரு பகுதி என்று திட்டம். கப்பல் பகுதிக்கு 8 மீட்டர் ஆழம் என்றார்கள். அதற்குப் பிறகு நடந்தது இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தெற்கு அணைக்கு வெளியே மணல் மேடாகி, துறைமுக வாயிலையும் அடைத்தது. வடக்கே ஒலுவில் தொடங்கி நிந்தவூர்ப் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. வேரோடு சாய்ந்து தலைகீழாகக் கிடந்த தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இப்போது காக்காவின் டென்மார்க்குக்கு வருவோம்.

அவர் கேள்விப்பட்ட ஊரின் பெயர் எஸ்பியர்க். 1864 போரில் டென்மார்க் தன் தெற்குப் பகுதிகளை ஜேர்மன்காரரிடம் இழந்தது. மேற்குக் கடற்கரையில் உருப்படியான துறைமுகம் இல்லாமல் போனது. அதனால் 1868இல் நாடாளுமன்றமே தீர்மானித்துக் கட்டிய துறை அது. முதலில் இங்கிலாந்துக்கு விவசாயப் பொருள் ஏற்றினார்கள். பிறகு அந்த நாட்டின் பெரிய மீன்பிடித் துறையாக இருந்தது. 1970களில் வடகடல் எண்ணெய் வந்தபோது எண்ணெய் மேடைகளுக்கு ஆள், சாமான் ஏற்றினார்கள். 2002இல் ஹோர்ன்ஸ் ரெவ் என்ற இடத்தில் 80 காற்றாலைகளைக் கடலுக்குள் நட்டபோது அதே படகோட்டிகளும் வெல்டிங்காரரும் அதற்கு மாறிக்கொண்டார்கள். மீனிலிருந்து ஒரே பாய்ச்சலில் காற்றுக்கு வரவில்லை. நடுவில் முப்பது வருட எண்ணெய் வேலை இருக்கிறது, கனமான இரும்பைக் கடலில் கையாளப் பழகியது அங்கேதான். ஒலுவிலில் அந்த நடுப்படி இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எஸ்பியர்க்குக்கும் மணல் பிரச்சினை உண்டு. கப்பல் போகிற கால்வாய் மணற்படுகைகளுக்கு நடுவே போகிறது. பத்து மீட்டருக்கு மேல் ஆழம் நிற்க, டென்மார்க் அரசு விடாமல் மணல் அள்ளிக்கொண்டே இருக்கிறது. துறைமுகம் கட்டுவது ஒரு செலவு, கட்டியதைத் திறந்து வைத்திருப்பது ஆண்டுதோறும் செலவு. இரண்டாவது செலவைத் தன் ஊரில் தவறாமல் செய்கிற நாட்டிடமிருந்து நாம் முதலாவதை மட்டும் கடனாக வாங்கினோம்.

சரி, காற்றாலைத் துறைமுகம் என்று சொல்லும்போது ஒரே பெயரில் இரண்டு வேறு தொழில்கள் இருக்கின்றன. இதைப் பிரிக்காமல் பேசினால் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது. ஒன்று, இறகு, கோபுரம், இயந்திரப் பெட்டி எல்லாவற்றையும் கப்பலில் இறக்கி, அடுக்கி வைத்து, நடும் இடத்துக்கு அனுப்புகிற பெரிய துறை. மற்றது, நட்டு முடிந்தபின் இருபத்தைந்து வருடம் தினமும் பழுது பார்க்க ஆள் ஏற்றுகிற சின்னத் துறை.

பெரிய துறையை எடுத்துக்கொள்வோம். மன்னாரில் மின்சார சபையின் தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாட், 30 இயந்திரங்கள். ஒவ்வொரு இறகும் ஏறத்தாழ 62 மீட்டர். நம்ம ஊர் பஸ் ஐந்தாறை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். அதை மடிக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. ஒலுவிலில் இறக்கினால் கல்முனைச் சந்தைப் பக்கம் அதைக் கொண்டுபோவதை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர்களின் தகரக் கூரைகளை முதல் நாளே கழற்ற வேண்டும். மன்னாருக்கு இங்கேயிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். திருகோணமலையிலிருந்து வவுனியா வழியாக 180 அளவில் வரும். அதோடு திருகோணமலை இயற்கையே தோண்டிக் கொடுத்த துறை, மணல் அள்ளும் கவலை இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் ஏற்கெனவே நீளமான இறகுகளை ஏற்றுமதி செய்கிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒலுவில் நின்று "எனக்கும் ஒரு இறகு தாருங்கள்" என்று கேட்பது, சின்னப் பிள்ளை பெரியவர்களின் வாலிபோல் ஆட்டத்தில் பந்து கேட்பது மாதிரி.

கரையின் பலமும் ஒரு கேள்வி. இப்படிப்பட்ட துறையில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன், அதற்கு மேலும் தாங்கும் மேடை வேண்டும். சாமான் அடுக்கப் பத்து, இருபது ஹெக்டேயர் கெட்டியான நிலம் வேண்டும். துறைமுகத்துக்காகக் காணி கொடுத்தவர்களின் நட்டஈட்டுப் பிரச்சினையே நெடுங்காலம் இழுபட்ட ஊரில் இன்னும் காணி கேட்கிற திட்டத்தை யார் வாயால் சொல்வது?

சோலார் சாமானுக்கும் இதே பதில்தான், இன்னும் சுலபமாக. சியம்பலாண்டுவையில் 100 மெகாவாட் சூரிய மின் திட்டம், அம்பாறைக்குப் பக்கத்து மொனராகலை மாவட்டம். அதனால் ஒலுவிலில் பெனல் இறக்கலாம் என்று ஒரு நண்பன் வாதாடினான். பெனல் கொள்கலனில் வரும் மச்சான். கொள்கலனுக்குக் கொழும்பு இருக்கிறது. 8 மீட்டர் ஆழமே நிலைக்காத இடத்துக்கு எந்தக் கொள்கலன் கப்பலும் வழிமாறி வராது. பெரிய துறை யோசனையை இத்தோடு மடித்து வைக்கலாம்.

சின்னத் துறைதான் மனசுக்கு இதமான யோசனை. காக்காவிடம் இதைச் சொன்னால் கண் விரியும். இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மீன்பிடித் துறைமுகம் என்று பேரெடுத்தது. ஐஸ்லாந்தோடு நடந்த மீன்பிடிச் சண்டைகளுக்குப் பிறகு படகுகள் போய், ஊர் வாடிக் கிடந்தது. இன்றைக்கு ஹோர்ன்சீ காற்றாலைகளுக்குப் பராமரிப்புத் தளம் அங்கேதான். டென்மார்க்கிலேயே இன்னொரு ஊர், தோர்ஸ்மின்டே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மெல்லிய மணல் திட்டு. மட்டக்களப்புக் கரையில் பிறந்த எவனுக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் முகத்துவாரம் ஞாபகம் வரும். சின்ன மீன்பிடித் துறைதான். கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் அமைகிற தோர் என்ற 72 காற்றாலைத் திட்டத்துக்கு அதைத்தான் பராமரிப்புத் தளமாக எடுத்திருக்கிறார்கள். ஆள் ஏற்றும் படகுகள் இருபது, இருபத்தைந்து மீட்டர் நீளம்தான். இரண்டு மீட்டர் அளவு தண்ணீரில் மிதக்கும். நம்முடைய பலநாள் படகு போகிற இடத்துக்கு அதுவும் போகும்.

பொருத்தம் பத்தும் பார்த்தால் ஒன்பது சரி. பத்தாவதுதான் மாப்பிள்ளை. கிழக்குக் கடலில் பராமரிக்கக் காற்றாலை எங்கே இருக்கிறது?

காற்றுக்காரர்கள் கண் வைத்திருப்பது மன்னார், புத்தளம், தெற்குக் கரைப் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே கடலிலிருந்து நேராக வந்து மோதும். மலைநாட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது கச்சானாகிவிடுகிறது. கச்சான் காற்று ஆளைக் காய்ச்சும், வாயைப் பிளக்க வைக்கும், ஆனால் காற்றாலைக்காரனை இழுக்காது. கடலின் அடியும் நமக்கு உதவவில்லை. மன்னார்ப் பக்கம் கடல் நெடுந்தூரம் ஆழமில்லாமல் போகும், தூண் நடலாம். இங்கே கொஞ்சத் தூரத்திலேயே சரிந்து இறங்கிவிடும். கரையிலிருந்தே ஆழக்கடல் மீனைப் பிடிக்க வசதி, தூண் நட வசதியில்லை. மன்னாரிலேயே, கடலுக்குள் கூட இல்லை, தரையில் நடவிருந்த திட்டத்தை விட்டு அதானி 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. தரையிலேயே இந்தப் பாடு என்றால், கிழக்குக் கடலில் காற்றாலை வரும்வரை ஒலுவில் காத்திருப்பது கொக்கு உறுமீனுக்கு நின்ற கதையாகிவிடும். இதைக் காக்காவிடம் சொல்ல எனக்கே கொஞ்சம் கவலைதான்.

மூன்றாவது யோசனை என் தொழில் சார்ந்தது. அதனால் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். துறைமுகத்தின் வெறும் நிலத்தில் பெனல் போட்டு மின்சார சபைக்கு விற்பது. ஒரு மெகாவாட்டுக்கு ஒரு ஹெக்டேயர், கொஞ்சம் கூடப் பிடிக்கும். வெயிலுக்குக் குறைவில்லை, அம்பாறைப் பக்கம் நிறுவிய ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரி நாலு அலகு தரும். ஆனால் மின்சாரம் தேவையான நேரம் மாறிவிட்டது. 2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று கை வைத்து நாடே இருண்டது நினைவிருக்கும். அன்றைக்கு வலையமைப்பில் சோலார் பங்கு அதிகம், பாவனை குறைவு, தாங்க ஆளில்லை. அதே வருடம் சித்திரை வருடப் பிறப்பு லீவுக்குக் கூரைச் சோலாரை அணைத்து வைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. வாடிக்கையாளர்கள் எனக்குப் போன் போட்டுத் திட்டியது வேறு கதை. 2030க்குள் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது, சரி. அதற்காக மத்தியான மின்சாரத்தை இன்னும் குவித்தால் அதை வாங்க ஆள் வேண்டும். பெட்டரி போடலாம், விலையைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். உப்புக்காற்றையும் சொல்ல வேண்டும். கடற்கரையில் அலுமினியச் சட்டம் நிற்கும், துத்தநாகம் பூசிய ஆணி நிற்காது. இரண்டு வருடத்துக்கு முன் நான் பூட்டிய ஒரு கூரையில் ஆணித் தலைகள் பனங்கட்டி மாதிரி உதிர்ந்தன. அன்றிலிருந்து கடலோர வீட்டுக்குத் துருப்பிடிக்காத உருக்கு ஆணிதான், வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும்.

இந்த மத்தியான மின்சாரத்தை யாராவது குடித்துத் தீர்க்க வேண்டும் என்று யோசித்தபோதுதான் எனக்கு ஐஸ் ஞாபகம் வந்தது.

மீன்பிடித் துறையில் மின்சாரத்தைத் தின்பது ஐஸ் ஆலைதான். சிமெந்துக் கல் மாதிரி ஐஸ் கட்டிகளை வெளியே இழுத்துச் சாக்கில் போட்டு, மரக்கட்டையால் அடித்து நொறுக்கிப் படகின் கிடங்கில் கொட்டுவதைக் காலையில் வாழைச்சேனைத் துறையில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு படகு ஏற்றி முடிய அரை மணித்தியாலம். சிந்துகிறது, உருகுகிறது, ஏற்றுகிறவன் இடுப்பு வரை நனைகிறான். கணக்குப் போட்டால், நம்ம ஊர் வெக்கைத் தண்ணீரை ஐஸாக்க டன்னுக்கு ஐம்பது, அறுபது அலகு மின்சாரம் போகும். 100 கிலோவாட் கூரை ஒரு நாளைக்கு 400 அலகு தந்தால் ஏழு, எட்டு டன் ஐஸ். ஐஸை நன்றாக மூடி வைத்தால் இரவும் நிற்கும், மறுநாளும் நிற்கும். பெட்டரிக்குப் பதில் ஐஸ்! வெயில் நேரத்தில் செய்து, படகு புறப்படும் நேரத்தில் கொடுக்கலாம். வலையமைப்புக்கும் பாரம் குறையும். மீன்பிடிக்காரனுக்கும் ஐஸ் விலை மின்கட்டணத்தோடு ஏறி ஏறி இறங்காது.

படகு ஓட்டுகிற மண்ணெண்ணெய்க்கும் இப்படி ஒரு வழி கேட்பார்கள். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. அந்த வருடம் கரையில் கவிழ்த்துக் கிடந்த படகுகளை நாம் மறக்கவில்லை. மின்சார இயந்திரத்தை வெளியிணைப்பாகப் பூட்டலாம்தான். ஆனால் இருபது லீற்றர் மண்ணெண்ணெய் செய்கிற வேலைக்கு முந்நூறு கிலோ பெட்டரி வேண்டும். களப்புக்குள் வலை போடுகிற தோணிக்குச் சரி, வெளிக்கடல் படகுக்கு இன்றைக்குச் சரிவராது. அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐஸ் யோசனைக்கும் ஒரு குறை உண்டு, அது பெரிய குறை. படகு வெளியே போக வாயில் திறந்திருக்க வேண்டும். வாயில் மூடிய துறைக்கு ஐஸ் எதற்கு, சர்பத் விற்கவா?

ஆக, எந்த யோசனையைத் தூக்கினாலும் அடியில் மணல்தான் இருக்கிறது. இந்தக் கரையில் மணல் வருடக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் போட்டால் தெற்கில் குவியும், வடக்கில் பஞ்சம் வரும். சென்னை மெரினா அப்படி உண்டான கடற்கரை. துறைமுகச் சுவர் கட்டியபின் தெற்கே மணல் விரிந்தது, வடக்கே ராயபுரத்துப் பக்கம் கடல் ஏறியது. புதுச்சேரிக்கும் அதே தலையெழுத்து. 1980களின் இறுதியில் துறைமுகம் வந்ததும் ஊர்க் கடற்கரை போய், கருங்கல் வந்து நின்றது. எங்களுக்கும் கல்லைத்தான் போட்டார்கள். கல் போட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று வாயில் 2001இலிருந்து தெற்கே சேருகிற மணலைக் குழாய் வழியாக ஆற்றுக்கு அடியால் வடக்குக் கரைக்குத் தள்ளுகிறார்கள், ஆண்டுக்கு ஐந்து இலட்சம் கன மீட்டர் அளவில். நமக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. இங்கே இதுவரை நடந்தது வேறு மாதிரி. வாயில் அடைத்தால் படகுக்காரர் "அள்ளு" என்பார்கள், அள்ளப் போனால் கரை இழந்தவர்கள் "அள்ளாதே" என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம்தான். அள்ளிய மணல் எங்கே போகிறது என்பதுதான் சண்டையின் வேர். அது வடக்குக் கரையில் கொட்டப்படும் என்று எழுத்தில் இருந்தால் இரண்டு கூட்டமும் ஒரே பக்கம் நிற்கும்.

அதனால் என் தெரிவு இப்படி. முதலில் மணல் இறைக்கும் ஒரு நிரந்தர ஏற்பாடு, ஆண்டுதோறும் பணம் ஒதுக்கி, தெற்கில் எடுத்து வடக்கில் போடுவது. அந்தப் பம்பையும் பகல் வெயிலிலேயே ஓட்டலாம், மணலுக்கு இரவு, பகல் தெரியாது. அடுத்தது மீன்பிடித் துறைக் கட்டடங்களின் கூரையில் பெனல், அதை ஐஸ் ஆலையோடு இணைப்பது. மூன்றாவதாக, அதே வளவில் பைபர் படகு திருத்தவும் கடலோரச் சோலார் வேலை பழக்கவும் ஒரு பட்டறை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே இருக்கிறது, அதன் பொறியியல் மாணவர்களுக்கு நடந்து போகிற தூரத்தில் உப்பும் துருவும் மோட்டாரும் கிடைக்கும். காற்றாலை என்றைக்காவது கிழக்குக் கடலுக்கு வந்தால், வாயில் திறந்த, படகு திருத்தத் தெரிந்த ஒரு துறை தயாராக இருக்கும். வராவிட்டாலும் மீன் இருக்கும்.

கப்பலுக்கென்று கட்டிய வணிகப் பகுதியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்பேன். பலநாள் படகுகள் வாடைக்காலத்தில் ஒதுங்க அந்தத் தண்ணீர் போதும்.

நேற்று காக்கா வீட்டுக்கு மறுபடியும் போனேன், இன்வேர்ட்டரைப் பார்க்க. பேச்சைத் தொடங்கிக் காற்றாலை, டென்மார்க், மணல் எல்லாம் சொன்னேன். கச்சான் கதைக்குத் தலையாட்டினார், தோர்ஸ்மின்டேக்குச் சிரித்தார். ஐஸ் வந்ததும் எழுந்து உள்ளே போய், ஒரு பழைய கொப்பியோடு வந்தார். போன வருடம் முழுக்க மகனுடைய படகுக்கு வாங்கிய ஐஸ், திகதி, விலை, எத்தனை கட்டி, எல்லாம் பென்சிலால் எழுதியிருந்தது.

"இந்தக் கணக்கப் பார்த்திட்டு எத்தின பெனல் வேணுமெண்டு சொல்லு மனே" என்றார். கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. மார்கழிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன, படகு கடலுக்குப் போகவில்லை.